கரையில் பேசும் பிள்ளை வகுப்பில் வாய் திறக்காதது ஏன்?

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கத்துப் பள்ளிகளில் பெற்றோர் கூட்டம் நடக்கிற அன்று இரண்டு புகார் தவறாமல் காதில் விழும். "நல்ல பையன்தாம்மா, ஆனா வாயத் தொறக்க மாட்டேங்கிறான்" என்பார் ஆசிரியர். "வீட்ல வாய மூட மாட்டேங்கிறான் சார், அதான் படிப்பு ஏறல" என்பார் அம்மா. இருவரும் ஒரே பிள்ளையைப் பற்றித்தான் சொல்கிறார்கள். கூச்சம், வயசு, போகப் போகச் சரியாகும் என்று பேச்சு அதோடு முடிந்துவிடும். எனக்கு அது ஒப்பவில்லை. காலையில் வள்ளம் கரை சேர்கிற இடத்தில் அந்தப் பையனைப் பாருங்கள். எந்த வள்ளத்தில் என்ன பட்டது, ஏலம் எவ்வளவில் நின்றது, யாருடைய வலை பாறையில் மாட்டிக் கிழிந்தது என்று ஒன்று விடாமல் ஒப்பிப்பான். ஏன் என்று கேட்டால் காரணமும் சொல்வான்: "நேத்துப் பூராக் கச்சான் காத்து அடிச்சுச்சுல்ல, தெக்குக் கடல் கலங்கிக் கெடக்கு, அதான் மீன்பாடு இல்ல." கண்டதைச் சொல்லி, காரணத்தைக் கட்டி, முடிவுக்கு வருகிறான். அறிவியல் விடைத்தாள் கேட்பதும் இதே மூன்றைத்தான். பத்து மணிக்கு வகுப்பில் "ஏன்?" என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறான் என்றால், கோளாறு பையனின் நாக்கில் இல்லை, கேட்கப்படும் விதத்தில் இருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன்.

தொடர்புத் திறன் என்றதும் பள்ளிகளின் நினைவுக்கு வருபவை ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு, பேச்சுப் போட்டி, காலை வழிபாட்டில் செய்தி வாசிப்பு. மூன்றும் நல்லவைதான். ஆனால் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கும் பிள்ளை பெரும்பாலும் யாரோ எழுதிக் கொடுத்ததை மனப்பாடமாக ஒப்பிக்கிறது. நடுவில் நிறுத்தி ஒரு கேள்வி கேட்டால் மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். படிப்போடு பின்னிக் கிடக்கும் பேச்சு வேறு வகை. தட்டுத் தடுமாறி, பாதியில் திருத்தி, "இல்ல இல்ல, அப்படி இல்ல சார்" என்று திரும்பி வருகிற பேச்சு அது. கேட்க அழகாக இருக்காது. ஆண்டு விழா மேடைக்கும் ஆகாது.

அமெரிக்காவில் மிஷெலின் சி என்ற ஆய்வாளரின் குழு 1994-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேரடியாகப் பொருந்தும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இரத்த ஓட்டம் பற்றிய பாடத்தைக் கொடுத்தார்கள். ஒரு பிரிவினர் ஒவ்வொரு வாக்கியத்தையும் படித்ததும் அதைத் தங்கள் சொற்களில் விளக்கிச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் அதே பாடத்தை இரண்டு தடவை படிக்க வேண்டும். விளக்கிச் சொன்னவர்களுக்கே பாடம் நன்றாகப் பிடிபட்டிருந்தது. கடினமான கேள்விகளில் வித்தியாசம் இன்னும் கூடுதல். காரணம் எளிது. வாய்விட்டுச் சொல்லப் போகும்போதுதான் எந்த இடத்தில் தொடர்ச்சி விட்டுப் போகிறது என்பது சொல்கிறவருக்கே தெரியவரும். மனசுக்குள் படிக்கும்போது கண் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடும்.

ஒரு நொடிக்குள் முடிந்துபோகும் கேள்வி

நம் வகுப்பறைப் பேச்சின் வடிவம் எல்லோருக்கும் பழக்கம். ஆசிரியர் கேட்பார், ஒரு பிள்ளை ஒரு சொல்லில் பதில் சொல்லும், ஆசிரியர் "சரி" அல்லது "உக்காரு" என்பார். இதில் பிள்ளையின் பங்கு ஒரு சொல், மிஞ்சினால் இரண்டு. அதற்குமேல் பேச இடமே கிடையாது. மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970-களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை வைத்து அளந்து பார்த்தார். கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் காத்திருந்தது சராசரியாக ஒரு நொடி அளவுதான். அதற்குள் பதில் வராவிட்டால் கேள்வியை மாற்றுவார்கள், வேறு பிள்ளையிடம் போவார்கள், அல்லது தாங்களே சொல்லிவிடுவார்கள். காத்திருப்பை மூன்று நொடி ஆக்கியபோது விடைகள் நீண்டன, "தெரியாது" குறைந்தது, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசத் தொடங்கினார்கள்.

இதைக் கேள்விப்பட்டு முயன்று பார்க்கிறவர்கள் ஒரு பாதியை விட்டுவிடுகிறார்கள். காத்திருப்பு இரண்டு இடத்தில் வேண்டும்: கேள்விக்குப் பிறகு ஒன்று, பிள்ளையின் பதிலுக்குப் பிறகு ஒன்று. இரண்டாவதுதான் கடினம். பிள்ளை "உப்பு சார்" என்று ஒற்றைச் சொல்லில் நிறுத்தியதும் உடனே "வெரி குட்" என்று விழுந்துவிட்டால் அதன் பின்னால் வரவிருந்த வாக்கியம் வராமலே போகும். பதில் வந்ததும் மனசுக்குள் ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு, ஆயிரத்து மூன்று என்று எண்ணுங்கள். முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள வேண்டும்; புருவம் ஏறினால் பிள்ளை உடனே பதிலை மாற்றிவிடும். முதல் வாரம் இந்த மௌனம் இரு தரப்புக்கும் சங்கடமாகத்தான் இருக்கும். முன் பெஞ்சிலிருந்து முந்திரிக்கொட்டை மாதிரி ஒருவன் கத்திவிடுவான். அதைத் தடுக்க, பெயரெழுதிய சீட்டை டப்பாவில் குலுக்கி எடுப்பது கை கொடுக்கும். ஆனால் கேள்வியைக் கேட்டு, காத்திருந்து, அப்புறம்தான் சீட்டை எடுக்க வேண்டும். பெயரை முதலில் சொல்லிவிட்டால் மற்ற முப்பது பேரும் யோசிப்பதை விட்டுவிடுவார்கள்.

இன்னொரு பழக்கமும் விலக வேண்டும். பிள்ளை மெதுவாகச் சொன்ன பதிலை ஆசிரியர் உரத்த குரலில் திருப்பிச் சொல்வது. நல்லெண்ணத்தில் செய்வதுதான். ஆனால் பக்கத்துப் பிள்ளை சொல்வதைக் கேட்கத் தேவையில்லை, சார் எப்படியும் திரும்பச் சொல்வார் என்று வகுப்பு பழகிப்போகும். "கடைசி பெஞ்சுக்குக் கேக்கலயாம், நீயே இன்னொரு தடவை சொல்லு" என்றால் போதும்.

ஊரணியில் ஒரு வள்ளம், கடலில் ஒரு வள்ளம்

ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் பாய்மங்கள் பாடம் வரும்: அடர்த்தி, மிதப்பு விசை (நீர் பொருளை மேல்நோக்கித் தூக்கும் விசை), ஆர்க்கிமிடிஸ் தத்துவம், மிதத்தல் விதி. இந்தக் கரையில் இதைவிடச் சொந்தமான பாடம் வேறில்லை. தெர்மாகோலைக் கட்டி மிதவை விட்டு விளையாடுகிற பிள்ளைகள் இவர்கள். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் சங்கு குளிக்கிறவர் வீட்டுப் பிள்ளைக்கு ஆழம் போகப் போகக் காது ஏன் வலிக்கிறது என்பது வீட்டுப் பேச்சிலேயே தெரியும். ஆனாலும் இந்தப் பாடத்தில்தான் உருப்போட்ட வாக்கியங்கள் அதிகம் புழங்குகின்றன.

வழக்கமாக நடப்பது இப்படி. "ஒரே வள்ளம், ஊரணியில விட்டா எப்படி இருக்கும், கடல்ல விட்டா எப்படி இருக்கும்?" "கடல்ல மேலாக்க நிக்கும் சார். ஊரணில கொஞ்சம் எறங்கிரும்." "ஏன்?" "உப்புத் தண்ணி தூக்கும் சார்." இந்த இடம்தான் முக்கியம். ஆசிரியர் சொல்லும் அடுத்த வாக்கியத்தில்தான் பாடம் தங்குவதும் தங்காததும் இருக்கிறது. பெரும்பாலான வகுப்புகளில் அது இப்படி வரும்: "கரெக்ட். கடல்நீருக்கு அடர்த்தி அதிகம், அதனால மிதப்பு விசை அதிகம். எழுதிக்கோங்க." எல்லோரும் எழுதிக்கொள்வார்கள். பேச்சு முடிந்தது. அந்த வாக்கியம் மிதக்கிற வள்ளத்துக்குத் தப்பு என்பது யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

ஒரே அளவு மூழ்கியிருந்தால் கடல்நீரில் மிதப்பு விசை அதிகம், உண்மைதான். மிதந்து நிற்கிற வள்ளத்துக்கோ ஊரணியிலும் கடலிலும் மிதப்பு விசை ஒன்றுதான்: வள்ளத்தின் எடைக்குச் சமம். மாறுவது மூழ்கும் பகுதி மட்டும். இதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டால் அதுவும் இன்னொரு உருப்போடும் வாக்கியம் ஆகிவிடும். பிள்ளையின் வாயிலிருந்தே வர வேண்டுமானால் "கரெக்ட்" என்பதை விழுங்கிவிட்டு இப்படிக் கேட்கலாம்: "தூக்கும்னு சொன்னல்ல, ஊரணியவிட அதிகமாத் தூக்குதா, சமமாத் தூக்குதா?" கை தூக்கச் சொன்னால் வகுப்பில் பெரும்பகுதி அதிகம் என்ற பக்கம்தான் இருக்கும். தூக்கட்டும். "சரி, எடையவிட அதிகமாத் தூக்கினா வள்ளம் என்ன ஆகணும்?" "மேல போகணும் சார்." "போய்க்கிட்டே இருக்குமா?" இங்கே மூன்று நொடி போதாது, பத்து நொடிகூட ஆகலாம், பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் பேசவும் விடலாம். எங்கோ ஒரு மூலையிலிருந்து வரும்: "மேல வர வர முங்கியிருக்கிறது கொறையுதுல்ல சார், அப்பத் தூக்குறதும் கொறையும். எடைக்குச் சமமா வந்ததும் நின்னுரும்." அந்தப் பிள்ளைக்கு மிதத்தல் விதி வந்துவிட்டது, புத்தகத்தின் பெயரில்லாமல். அதிகம் என்று கை தூக்கியவர்களும் முழுத் தப்பில்லை. கடலில் இறக்கிய அந்தக் கணத்தில், ஊரணியில் மூழ்கிய அளவுக்கே வள்ளம் மூழ்கியிருந்தால், விசை எடையை விட அதிகம்தான். அதையும் அவர்களையே சொல்ல வைக்கலாம்.

இதன்பிறகு கணக்கைப் போட்டால் ஒட்டும். வள்ளம், வலை, ஆள் எல்லாம் சேர்த்து 2,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஊரணி நீர் லிட்டருக்கு 1 கிலோ. மிதக்கிற வள்ளம் தன் எடைக்குச் சமமான எடையுள்ள நீரை ஒதுக்கித் தள்ளும், ஆகவே ஊரணியில் ஒதுக்க வேண்டியது 2,000 லிட்டர். கடல்நீர் லிட்டருக்கு ஏறக்குறைய 1.025 கிலோ; 2,000-ஐ 1.025-ஆல் வகுத்தால் 1,951 லிட்டர். வித்தியாசம் 49 லிட்டர், அதாவது 20 லிட்டர் குடிநீர்க் கேன் இரண்டரை. "இவ்வளவுதானா?" என்று வகுப்பு ஏமாறும். ஏமாறட்டும்.

சோதனை செய்து காட்ட நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கடல்நீரில் முட்டை மிதக்கும் என்று நம்பி வாளியில் கடல்நீர் மொண்டு வந்தால் முட்டை அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். கடல்நீரில் உப்பு லிட்டருக்கு 35 கிராம் அளவுதான். புது முட்டை அதைவிட அடர்த்தியானது. ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் 150 கிராம் உப்பை முழுக்கக் கரைத்தால் மிதக்கும். வாலிநோக்கம் பக்கத்துப் பள்ளி என்றால் உப்பளப் பாத்தித் தண்ணீரே போதும். நாள்பட்ட முட்டைக்குள் காற்றறை பெரிதாகியிருக்கும், அது சீக்கிரமே மிதந்து ஆளைக் குழப்பும். ஊரணி நீரையும் கடல்நீரையும் நேராக ஒப்பிட வேண்டுமானால் குளிர்பான உறிஞ்சுகுழல் ஒன்றின் அடியைக் களிமண்ணால் அடைத்து நேராக மிதக்க விடுங்கள். நல்ல தண்ணீரில் 10 செ.மீ. மூழ்கினால் கடல்நீரில் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் மேலே நிற்கும். மெல்லிய பேனாக் கோடு போட்டால்தான் தெரியும். களிமண் கரைந்து ஒழுகினால் கணக்கு கெடும், மெழுகு சொட்டி அடைப்பது நல்லது. முட்டை மூழ்கியது என்பதற்காகச் சோதனை தோற்றதென்று வாளியை ஓரம் கட்டிவிடாதீர்கள். "ஏன் முங்குச்சு?" என்பது அன்றைக்குக் கிடைக்கக்கூடிய மிக நல்ல கேள்வி.

"புரியலை சார்"

1931-ல் ராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாம் மேடைக்கு மேடை சொன்ன கதை இங்கே எல்லோருக்கும் மனப்பாடம்: ஐந்தாம் வகுப்பில் சிவசுப்பிரமணிய ஐயர் கரும்பலகையில் பறவையை வரைந்து அது எப்படிப் பறக்கிறது என்று நடத்தியதும், பிறகு பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய்ப் பறவைகளைக் காட்டியதும். பறவைக்காகவே அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். நடுவில் இருக்கும் ஒரு வரியை வேகமாகத் தாண்டிவிடுகிறோம். புரிந்ததா என்று ஆசிரியர் கேட்டபோது அந்தப் பையன் புரியவில்லை என்றான். மற்றவர்களும் அதையே சொன்னார்கள். திட்டு விழவில்லை. அதே பாடம் அதே படத்தை வைத்துச் சத்தமாகத் திரும்ப நடத்தப்படவும் இல்லை. வேறு இடத்தில், வேறு விதமாக நடந்தது. புரியவில்லை என்று சொன்னதற்குக் கிடைத்த பலன் அது. அப்படி ஒரு தடவை கண்ட வகுப்பு அடுத்த முறையும் துணிந்து சொல்லும்.

இன்றைய வகுப்பில் "புரிஞ்சுதா?" என்றால் "புரிஞ்சுது சார்" என்று கோரஸாக வரும். அந்தக் கேள்வியையே விட்டுவிடலாம். "இதுல எந்த எடம் கஷ்டமா இருந்துச்சு? நோட்டுல ஒரு வரி எழுதுங்க, பேர் வேணாம்" என்றால் உண்மை வரும். இன்னும் எளிது, "பக்கத்துல இருக்கிறவன் சொன்னத நீ உன் பாணியில சொல்லு" என்பது. சொல்ல முடியாமல் நிற்கிற இடம்தான் புரியாத இடம். யாராவது சிரித்தால் மட்டும் அந்த நொடியே கண்டிக்க வேண்டும். சிரிப்பு பெரும்பாலும் விடைக்காக எழுவதில்லை, பேச்சு வழக்குக்காகத்தான் எழும். கீழக்கரைப் பிள்ளையின் பேச்சு ஒரு விதம், மீனவக் குடியிருப்புப் பிள்ளையின் பேச்சு ஒரு விதம், மண்டபம் அகதிகள் முகாமிலிருந்து வரும் பிள்ளையின் ஈழத் தமிழ் இன்னொரு விதம். விடை சொல்லும்போது வழக்கைத் திருத்தினால் பிள்ளை அடுத்த தடவை விடையையே சொல்லாது.

வாய் திறக்காத எல்லாப் பிள்ளையும் கூச்சப் பிள்ளை அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காதில் சீழ் வடிகிற பிள்ளைகள் வகுப்பில் ஒன்றிரண்டு பேர் இருக்கலாம். கேட்கவில்லை என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது. பின்னால் ஒரு கை தூரத்தில் நின்று மெல்லிய குரலில் இரண்டு எண்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள், இரண்டு காதுக்கும் தனித்தனியாக. தடுமாறினால் காது மருத்துவரைப் பார்க்கச் சொல்ல வேண்டும். அதுவரைக்கும் முன் பெஞ்ச்.

வாயிலிருந்து விடைத்தாளுக்கு

பேசிக்கொண்டே இருந்தால் போர்ஷன் எப்போது முடிப்பது என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. எல்லாப் பாடத்துக்கும் இப்படிச் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். வாரத்துக்கு இரண்டு கேள்வி போதும், ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம். ஒரு நிமிடம் தனியாக எழுத்து, இரண்டு நிமிடம் ஜோடிப் பேச்சு, சீட்டுக் குலுக்கி மூன்று பேர், மூன்றாவது ஆள் முடிக்கும் வரை சரி, தப்பு சொல்லக் கூடாது. மீதி நேரம் எழுத. நாலு பேர், ஐந்து பேர் குழுவாக்கினால் ஒருவன் எழுதுவான், மற்றவர்கள் கதை பேசுவார்கள், ஜோடிதான் உத்தமம். ஆருயிர் நண்பர்களை ஜோடி சேர்த்தாலும் வேலை நடக்காது.

பத்தாம் வகுப்பு அறிவியல் பொதுத்தேர்வுத் தாளை எடுத்துப் பாருங்கள். எழுத்துத் தேர்வு 75 மதிப்பெண். அதில் 4 மதிப்பெண் கேள்வி ஏழு, 7 மதிப்பெண் கேள்வி மூன்று. மொத்தம் 49. ஒற்றைச் சொல் விடைகள் 12 மதிப்பெண்ணைத் தாண்டுவதில்லை. ஆனால் வகுப்பில் ஆண்டு முழுக்கப் பிள்ளைக்குக் கிடைக்கிற பயிற்சி ஒற்றைச் சொல்லில். மூன்று வாக்கியம் சேர்ந்தாற்போல் ஒரு தடவைகூடப் பேசாத பிள்ளை தாளில் ஏழு மதிப்பெண்ணுக்குப் பக்கம் நிரப்ப வேண்டுமென்றால் மனப்பாடத்தைத் தவிர வழியில்லை. மனப்பாடம் செய்ததில் நடுவில் ஒரு வரி மறந்தால் பின்னால் வருவதும் சேர்ந்து போகும். புரிந்து சொன்ன பிள்ளை ஒரு வரியை விட்டாலும் அடுத்ததைப் பிடித்துக்கொள்ளும்.

பேச்சை எழுத்தாக்க ஒரு சின்ன வேலை உண்டு. பலகையை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் பிள்ளை சொன்னதை அப்படியே எழுதுங்கள்: "உப்புத் தண்ணி தூக்கும்." வலப்பக்கம் அதையே தாளில் எப்படி எழுதுவது என்று வகுப்போடு சேர்ந்து கட்டுங்கள்: "கடல்நீரின் அடர்த்தி அதிகம். எனவே வள்ளத்தின் எடைக்குச் சமமான எடையுள்ள கடல்நீரை ஒதுக்க, வள்ளத்தின் குறைந்த பகுதி மூழ்கினாலே போதும்." இடப்பக்கத்தை உடனே அழித்துவிடாதீர்கள். பாடம் முடியும் வரை இரண்டும் பக்கத்துப் பக்கமாக நிற்கட்டும்.

ஆங்கில வழிப் பிரிவில் இதே வேலை இரு மடங்கு. கனடாவில் குடியேறிய பிள்ளைகளை வைத்து ஜிம் கம்மின்ஸ் என்ற ஆய்வாளர் 1979 முதல் எழுதிவருவதன் சாரம் இது: புது மொழியில் சாதாரணமாகப் பேசப் பழக இரண்டு ஆண்டு போதும், அந்த மொழியில் பாடம் படிக்கிற அளவு தேற ஐந்து முதல் ஏழு ஆண்டு ஆகும். அங்கே தெருவிலும் கடையிலும் அந்த மொழிதான். இங்கே பள்ளி விட்டால் ஆங்கிலம் இல்லை. அப்படியிருக்க ஆறாம் வகுப்பில் ஆங்கில வழிக்கு மாற்றி, தமிழில் பேசினால் அபராதம் போடுவது பிள்ளையைப் பேசவும் விடாமல் யோசிக்கவும் விடாமல் செய்கிற காரியம். தமிழில் விவாதித்து ஆங்கிலத்தில் எழுதட்டும். வலப்பக்கக் கட்டம் ஆங்கிலத்தில் இருந்துவிட்டுப் போகிறது.

வீட்டுக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்தப் படகுகளில் போகிற அப்பாக்கள் பகலில் வலை பின்னிக்கொண்டோ படகைச் சீர் பார்த்துக்கொண்டோ கரையில்தான் இருப்பார்கள். அந்த நாட்களில் பாதி பள்ளி விடுமுறையும்கூட. "இன்னைக்கு என்ன படிச்ச?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றுதான் வரும். விடுமுறைக்கு முன்பே ஊரணிக் கணக்கைக் கொடுத்தனுப்பி, அப்பாவிடம் விளக்கிச் சொல்லி அவர் எந்த இடத்தில் மறுத்தார் என்று எழுதிவரச் சொல்லலாம். கட்டாயம் மறுப்பார். "அம்பது லிட்டரா? ஐஸ் ஏத்தி, டீசல் ஏத்தி, திரும்பி வரும்போது மீனையும் ஏத்தினா எவ்வளவு எறங்கும்னு கேட்டியா உங்க சார?" என்பார். ஜூனில் பள்ளி திறந்ததும் முதல் கேள்வியாக அதையே வைக்கலாம்: 2,000 கிலோ வள்ளத்தில் 300 கிலோ மீனை ஏற்றினால் கூடுதலாக எத்தனை லிட்டர் கடல்நீர் ஒதுங்கும்?